ஆள் இருக்கு

மாடிப்படிக்குக் கீழே அந்தக் கதவைத் தள்ளினேன்.
திறக்கவில்லை.
"ஆள் இருக்கு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

பதினேழு வருடமாக ஒயர் பார்க்கிறேன்.
எந்த ஒயர் அறையும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனி.
முதல் மாடியில் இரும்பறை. அதற்கு மூன்று சாவி,
மூன்று சாவிக்கும் மூன்று கையெழுத்து.
இரும்பறை அலறினால்
அலறல் இறங்கி ஸ்டேஷனுக்குப் போகிற பாதை
இந்த பிளைவுட் கதவுக்குப் பின்னால்.
வெளியே பூட்டு கிடையாது.
உள்ளே ஒரு தாழ்ப்பாள்,
அதுவும் கம்பெனி போட்டதல்ல.

அஞ்சலாட்சி வெளியே வந்தாள்.
பஸ்ஸில் உடுத்தி வந்த சேலை மஞ்சள் பையில்,
நீலச் சீருடை உடம்பில்.
"பாத்துப் போங்க சார், கீழ ஒயரு கெடக்கு."

டார்ச் அடித்தேன்.
சுவிட்சின் தலையில் பினாயில் பாட்டில்.
ஃபைபர் கேபிளில் ஈரமாய்த் தொங்கும் மாப்புத் துணி.
இடுப்பளவு உயரத்தில் சுவரில் பழுப்புக் கோடு:
கெடிலம் ஒருமுறை உள்ளே வந்து
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
டெலிபோன் கட்டையில் செம்பு பச்சை பூத்திருந்தது.
தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று
யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.
ஒரு எலி
மூன்றாம் மாடியின் பாதி பேச்சைத் தின்றிருந்தது.

படிவத்தை நிரப்பினேன்.
நீர்: ஆம். பூச்சி, எலி: ஆம்.
அனுமதியற்ற நபர் நடமாட்டம்:
பேனா அங்கே நின்றது.
அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"போன செவ்வாக்கெழம ஒருத்தன் வந்தான் சார்.
ஏணி, பை, கழுத்துல அட்ட, எல்லாம் இருந்துது.
மேனேஜரு டீ வாங்கிக் குடுத்தாரு.
அவன் ஒயரு ஆளே இல்ல."

எப்படித் தெரியும்?

"நீங்கல்லாம் வந்துட்டுப் போனா
கலர்கலரா கத்தரிச்சுப் போட்டுட்டுப் போவீங்க.
நான்தான பெருக்குறேன்.
அவன் போனப்புறம் ஒரு துணுக்கு இல்ல சார்.
பெருக்கிட்டுப் போயிருக்கான்."

கட்டையைக் கழற்றினேன்.
பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் பெட்டி,
அலாரத்தின் இரண்டு கம்பிகளையும் மென்மையாகப் பிடித்தபடி.
முடிச்சு என் முடிச்சைவிட நேர்த்தி.
கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மேனேஜர் குணாளன் வியர்த்தார். போலீஸ் வந்தது.
அந்தக் கலவரத்தில்
யார் சொல்லித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

பரிந்துரையில் எழுதினேன்: இரும்புக் கதவு. பூட்டு. பதிவேடு.
கடைசியில் ஒரு வரி:
துப்புரவுப் பணியாளருக்கு உடை மாற்ற ஓர் அறை.
"இது ஒயர் ரிப்போர்ட்டுங்க" என்று சிரித்தபடி
அந்த வரியை மட்டும் அடித்தார் குணாளன்,
ஸ்கேல் வைத்து.

மூன்று மாதம் கழித்துப் போனேன்.
பதிவேட்டில் பெயர், நேரம், காரணம்.
அஞ்சலாட்சி வாசலில் மாப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.
இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே நீலத்தில் வருகிறாளாம்.
"பஸ்ல பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க" என்றாள்,
ஏதோ டிக்கெட் விலை சொல்வதுபோல.

சாவி என் கையில் இருந்தது.
இருந்தும் கதவைத் தட்டினேன்.
உள்ளே விசிறிகளின் சத்தம் மட்டும்.

பினாயில் இல்லை. மாப்பு இல்லை. எலிக்கு மருந்து.
தரையில்,
போன தடவை நான் வெட்டிப் போட்ட துணுக்குகள்,
வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு,
அப்படியே கிடந்தன.
உள்ளே வரும் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

வேலை முடிந்ததும் பொறுக்கக் குனிந்தேன்.
பாதியில் நிமிர்ந்தேன்.
பெருக்கிவிட்டுப் போனால்
நான் யார் என்று எப்படித் தெரியும்?